எதிரெதிரே இரண்டு இறக்கைகள்

பிரேமன், ஜெர்மனி
3 மார்ச் 2025

அன்புத் தம்பி ரூபனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஏசி மாட்டப் போகும் இடத்தில் கம்ப்ரசரைத் தனியாளாகத் தூக்காதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். தெரிந்தும் கேட்கிறேன். கலாதேவி சுகம்தானே?

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் நம் இருவரில் ஒருவர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம். "இனிமே ரெண்டு பேரும் எழுதிக்குங்க, என் காதாவது தப்பிக்கும்" என்று உன் மனைவி தீர்ப்புச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். எழுத்தில் நீ என்னை இடைமறிக்க முடியாது.

செய்திக்கு வருகிறேன். டேட்டா சென்டர்களை விண்வெளியில் வைக்க முடியுமா என்று எங்கள் கம்பெனி ஆராய்கிறது. கம்ப்யூட்டர்கள் அடுக்கடுக்காக நிற்குமே, அந்தக் கட்டடங்கள்தான். தரையில் அவற்றுக்கு நிலம் வேண்டும், ஒரு சின்ன ஊருக்குப் போதுமான மின்சாரம் வேண்டும், குளிர வைக்கத் தண்ணீர் வேண்டும். மேலே சரியான பாதையில் சுற்றவிட்டால் ஆண்டின் பெரும்பகுதி வெயில் மறையவே மறையாது. நூறு கிலோவாட் பெட்டி ஒன்று, அதுபோல் ஐம்பது வரிசையாக. இதுதான் திட்டம்.

அதில் சூட்டை வெளியேற்றும் பகுதிக்கு நான் தலைமை. என் கீழே இருபத்திரண்டு பேர். ஸ்கந்தராஜா அங்கிளின் மகள் மாதுமையும் வந்து சேர்ந்துவிட்டாள். என் பேச்சை நம்பி பினாங்கில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கெட்டிக்காரி.

கட்டலாமா வேண்டாமா என்று நிர்வாகக் குழு செப்டம்பரில் முடிவு செய்யும். ஆய்வறிக்கையில் என் அத்தியாயம் 'முடியும்' என்று சொன்னால்தான் மற்ற அத்தியாயங்களுக்கு வேலை. முடியும், தம்பி. பாதிக் கணக்கு போட்டுவிட்டேன், நன்றாகவே வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். கலாதேவிக்கு என் அன்பைச் சொல்.

பிரியமுடன்,
உன் அக்கா தினேஸ்வரி


குனோங் ராபாட், ஈப்போ
22 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ரூபனின் வணக்கம். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இடுப்பும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? ரொட்டியும் சீஸும் சாப்பாடு ஆகாது என்று கலாதேவி எழுதச் சொன்னாள்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மலைக்கு அடியில் வீடு, காற்று ஜிலுஜிலு என்று வரும் என்று சொல்லித்தான் இந்த வீட்டை விற்றார்கள். பகலெல்லாம் சுண்ணாம்பு மலை வெயிலைக் குடித்துவிட்டு, சாயங்காலம் முழுவதையும் எங்கள் வாசலில் கொட்டுகிறது. எனக்கென்ன, ஏர்கோன் வேலை குவிகிறது.

உங்கள் கடிதத்தைக் கலாதேவி இரண்டு தடவை படித்தாள். "ஒங்க அக்கா மேல போய் ஏர்கோன் மாட்டப் போறாங்களா? அப்ப நீங்க ஏணியத் தயார் பண்ணுங்கலா" என்கிறாள்.

சிரிப்பு போகட்டும். விண்வெளி குளிர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் ஏர்கோன்காரன் புத்திக்கு ஒன்று இடிக்கிறது. நான் அறைக்குள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே இருக்கிற காற்றிடம் கொடுக்கிறேன். காற்றே இல்லாத இடத்தில் நீங்கள் யாரிடம் கொடுப்பீர்கள்? இன்னொன்று, கெட்டுப்போனால் யார் ஏறுவது? என் வாடிக்கையாளர் ஒருவர் இரண்டாவது மாடிக்கே ஏணி பிடிக்க மாட்டேன் என்கிறார்.

படம் ஏதாவது இருந்தால் வரைந்து அனுப்புங்கள். எனக்கு எழுத்தைவிடப் படம்தான் புரியும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் தம்பி ரூபன்


பிரேமன்
10 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன், சோறும் சாப்பிடுகிறேன் என்று கலாதேவியிடம் சொல். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் சித்திரைப் புத்தாண்டு கழிந்திருக்கும். இருவருக்கும் என் வாழ்த்து.

உன் முதல் கேள்வி நல்ல கேள்வி. இங்கே படித்தவர்களே அதில் தடுக்கி விழுகிறார்கள். விண்வெளி குளிர்சாதனப் பெட்டி இல்லை, தெர்மோஸ் பிளாஸ்க். பிளாஸ்கின் இரண்டு சுவருக்கு நடுவே காற்று இல்லாததால்தான் உள்ளே இருக்கும் தேநீர் ஆறுவதில்லை. மேலேயும் அப்படித்தான், சூட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஒரே வழி, கதிராக அனுப்புவது. தணலுக்கு முன்னால் கையை நீட்டினால் தொடாமலே சுடுகிறதே, அந்த வழி. அகலமான வெள்ளைத் தகடு, அதற்குள் குழாய், குழாய்க்குள் திரவம். கம்ப்யூட்டரின் சூட்டைத் திரவம் தகட்டுக்குக் கொண்டுவரும். தகடு கறுத்த வானத்தைப் பார்த்து அதைக் கதிராக உமிழும்.

ஒரு பெட்டிக்கு எண்பது சதுர மீட்டர் தகடு போதும் என்று கணக்கு வந்திருக்கிறது. ஒரு பூப்பந்து கோர்ட் அளவு. வெயில் பிடிக்கும் இறக்கை அதைப்போல் மூன்றரை மடங்கு. படம் பின்னால் இருக்கிறது, பார். முன்னே சூரிய இறக்கை, குடை மாதிரி. அதன் நிழலில், அதற்குப் பின்னாலேயே, என் சூட்டு இறக்கை. வெயில் படாததால் இரண்டு பக்கமும் சூட்டை விடும். எடையும் மிச்சம். எனக்கே பிடித்துப்போன வடிவம் அது.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: யாரும் ஏற முடியாது. கெட்ட கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உபரியாக வைத்ததை ஓட்டுவோம். அதனால்தான் தரையிலேயே எல்லாம் சரியாக இருந்தாக வேண்டும்.

நாலாம் தேதி அத்தியாயத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். முதல் வரியே 'முடியும்' என்றுதான் தொடங்குகிறது. மூன்று பேர் சரிபார்த்தார்கள், ஒரு புள்ளி தவறில்லை. எங்கள் மேலாளர் ஹென்ரிக் கைகுலுக்கினார். பெருமையாகத்தான் இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கென்ன!

அன்புடன்,
அக்கா


குனோங் ராபாட்
2 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று அம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்திட்டதற்கு வாழ்த்துகள். கலாதேவி பாயசம் வைத்தாள், உங்கள் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் எடுக்கும்போது பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க எனக்குக் கோவில் மண்டபம் ஞாபகம் வருகிறது. சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

பத்து காஜா ஊர்ப் பக்கம், பழைய தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் புதுக் கல்யாண மண்டபம் கட்டினார்களே, அதற்கு ஒரு கான்ட்ராக்டர் ஏர்கோன் மாட்டினான். பெரிய கம்ப்ரசர் இரண்டு. மண்டபத்துக்கும் மதிலுக்கும் நடுவே சின்ன சந்து, அதன் கோடியில் அம்மன் சன்னதி. முறைப்படி கம்ப்ரசரின் முதுகு சன்னதிப் பக்கம் இருக்க வேண்டும், சூட்டுக்காற்று ரோட்டுப் பக்கம் போக வேண்டும். நிர்வாகம் விடவில்லை. அம்மனுக்கு முதுகைக் காட்டக் கூடாதாம். திருப்பி வைத்தால் அம்மன் முகத்தில் சூடு அடிக்கும், அது அதைவிட மோசம். கடைசியில் ஒன்றை மண்டபச் சுவரிலும் மற்றதை மதிலிலும் பொருத்தி, இரண்டும் அம்மனுக்குத் தோளைக் காட்டுகிற மாதிரி எதிரெதிரே வைத்துவிட்டான். நடுவில் மூன்றடிகூட இல்லை.

ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தபோது ஐஸ் மாதிரி வேலை செய்தது. முதல் கல்யாணத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள். இது விட்ட சூட்டை அது இழுத்தது, அது விட்டதை இது இழுத்தது. இருபதாவது நிமிடம் இரண்டும் நின்றுவிட்டன. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது.

உங்கள் படத்திலும் இரண்டு இறக்கை எதிரெதிரே நிற்கிறது. அந்த முன் இறக்கை நாள் முழுக்க வெயிலில் காய்கிறதே, அதன் முதுகு சுடாதா? நீங்கள் பார்த்திருப்பீர்கள். சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
தம்பி ரூபன்


பிரேமன்
19 மே 2025

ரூபனுக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் விரும்புகிறேன்.

கோவில் சந்தில் சூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது காற்று. மேலே காற்று இல்லை என்று போன கடிதத்தில்தான் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். மூன்று பேர் சரிபார்த்த கணக்கு இது. எல்லாவற்றையும் கம்ப்ரசராகவே பார்க்காதே.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

தினேஸ்வரி


குனோங் ராபாட்
26 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன். ஒரு மாதத்துக்கு மேலாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கடைசிக் கடிதத்தின் கீழே 'அக்கா' என்றுகூடப் போடவில்லை. "போனை வைக்கிற பழக்கத்த இப்ப கடுதாசியிலயும் ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கலாதேவி கேட்டாள். நான் சிரிக்கவில்லை.

நான் கேட்டது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னித்துவிடுங்கள். நீங்கள் படித்தவர், நான் ஏணியில் ஏறுகிறவன். கேள்வி வந்தால் வாயை மூட எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஸ்கந்தராஜா அங்கிளைப் பாசாரில் காய்கறி வாங்கும்போது பார்த்தேன். மாதுமை அங்கே சந்தோஷமாக இருக்கிறாளாம். "உம்மட அக்கா பிள்ளையை நல்லாப் பாக்கிறா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
ரூபன்


பிரேமன்
12 ஜூலை 2025

அன்புத் தம்பி ரூபனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள். மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும்.

உனக்கு அந்தக் காரமான பதிலை எழுதித் தபாலில் போட்டுவிட்டு டிராமில் ஏறினேன். நாலு நிறுத்தம் போவதற்குள் மனசு உறுத்த ஆரம்பித்துவிட்டது. சூட்டுக் கதிருக்குக் காற்று வேண்டியதில்லை என்று உனக்குப் பாடம் எடுத்தவளே நான்தானே? என் தகட்டிலிருந்து கதிர் போகும் என்றால், சூரிய இறக்கையின் முதுகிலிருந்தும் கதிர் வரும். மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போய்க் கணக்கைத் திறந்தேன்.

தகட்டின் இரண்டு பக்கமும் கறுத்த வானத்தையே பார்ப்பதாக எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான் வானத்தைப் பார்க்கிறது. மற்றது, எழுபது டிகிரியில் காய்ந்துகொண்டிருக்கும் முதுகைப் பார்க்கிறது. பத்தில் மூன்று பங்கு சூடு வெளியே போகாது. சரிபார்த்த மூன்று பேரும் நான் கொடுத்த அட்டவணையை வைத்துக்கொண்டுதான் கூட்டிக் கழித்தார்கள். தகட்டைச் சோதித்தபோதும் அதை மட்டும் தனியாகத்தான் சோதித்தோம்.

தகட்டைப் பெரிதாக்கினால் ஒரு பெட்டி பிழைக்கும். ஐம்பது பெட்டியை வரிசையாக நிறுத்தினால் ஒவ்வொன்றும் பக்கத்துப் பெட்டியின் சூட்டைப் பார்க்கும். மொத்தத் திட்டமும் ஆட்டம் காண்கிறது.

நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. எட்டு வாரமாகிறது. தினமும் காலையில் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புகிறேன். வாசலில் மாதுமை "குட் மார்னிங் அக்கா" என்கிறாள், நானும் குட் மார்னிங் சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்விடுகிறேன். இந்த இருபத்திரண்டு பேரும் நான் 'முடியும்' என்று சொன்னதை நம்பி வந்தவர்கள். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி குழு கூடுகிறது. பயமாக இருக்கிறது, ரூபன். எனக்கு இப்படிப் பயந்து பழக்கமில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கோவில் மண்டபத்துக் கான்ட்ராக்டர் பிறகு என்ன செய்தான்?

உன் அக்கா


குனோங் ராபாட்
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் சாப்பிடுங்கள், தூங்குங்கள். அது முதலில்.

அந்தக் கான்ட்ராக்டர் நான்தான்.

என்ன செய்தான் என்று கேட்டீர்கள். பொய் சொன்னான். மண்டபத்துக்கு வருகிற கரண்ட் பத்தவில்லை என்று நிர்வாகத்திடம் சொன்னேன். நம்பி வயரிங் முழுவதையும் மாற்றினார்கள். அப்புறமும் நின்றது. பத்திரிகை அடித்த கல்யாணம் இரண்டு வேறு மண்டபத்துக்குப் போய்விட்டது. நான் அந்தப் பக்கமே போவதை நிறுத்திவிட்டேன். இரண்டு வருஷமாக ஆடி மாதத்துக்குக் கலாதேவி தனியாகத்தான் போய்வருகிறாள். எனக்கு இடுப்பு வலி என்று சொல்லிவிடுவேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. உங்களுக்கு என்ன பதில் எழுத என்று உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. நானே சொல்லாத ஒன்றை உங்களைச் சொல்லச் சொல்லி எப்படி எழுதுவேன்? ஞாயிற்றுக்கிழமை கோவிலில் திருவிழாவுக்கான நிர்வாகக் கூட்டம். போனேன். கடைசியில் எழுந்து நின்று, "கரண்டெல்லாம் நல்லாதான் இருக்கு. நான்தான் தப்பா மாட்டினேன். தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்" என்றேன்.

தலைவர் தர்மேந்திரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்லா தம்பி," என்றார். "ஒனக்கு அப்புறம் மூணு வயர்மேன் வந்தானுங்க. மூணு பேரும் அதத்தான் சொன்னானுங்க."

"அப்ப ஏன் அண்ணே என்னக் கூப்புட்டுக் கேக்கல?"

"எப்படிக் கேக்குறது? அம்மனுக்கு முதுகு காட்டாதன்னு ஒன்னத் திருப்பி வைக்கச் சொன்னது நாங்கதானே. நீ வாயத் தொறந்தா நாங்களும் தொறக்கணும். அதான் எல்லாரும் சும்மா இருந்துட்டோம்."

அக்கா, இரண்டு வருஷம்! அவர்கள் என்னைப் பார்த்து வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கிறார்கள், நான் அவர்களைப் பார்த்து. எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லார் முன்னாலும். மறு ஞாயிறு எல்லாரும் கூடி வேலை செய்யும் கோத்தோங் ரோயோங் போட்டோம். பத்துப் பேர் சேர்ந்து இரண்டு கம்ப்ரசரையும் மண்டபத்துக் கூரைமேல் ஏற்றினோம். சூடு வானத்துக்குப் போகிறது. அம்மனுக்கு முதுகும் இல்லை, முகமும் இல்லை.

உங்கள் இடத்தில் இப்படி மன்னிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அது கோவில் இல்லை, அவர்கள் தர்மேந்திரன் அண்ணனும் இல்லை. ஆனால் நான் செய்ததை ஏணி வைத்து ஏறிச் சரிசெய்ய முடிந்தது. உங்களுடையது மேலே போய்விட்டால் ஸ்பேனரோடு யாரும் ஏற முடியாது. அதை நீங்கள்தான் எனக்கு எழுதினீர்கள்.

உங்கள் தம்பி,
ரூபன்


பிரேமன்
20 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவை அப்படி இல்லை.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள், ஆகஸ்ட் இருபதாம் தேதி, ஹென்ரிக்கின் அறைக்குப் போனேன். உன் கோவில் மண்டபத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எத்தனை நாளாகத் தெரியும்?" என்று கேட்டார்.

"மூன்று மாதமாக."

அவர் படத்தை மடித்து வைத்துவிட்டு, குழு ஒப்புதல் கொடுக்கட்டும், இந்தத் திருத்தத்தை அடுத்த கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் ஆட்களைக் காப்பாற்ற வேண்டும். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். குழுவிலும் நானே எழுந்து சொன்னேன்.

ஐம்பது பெட்டித் திட்டம் நின்றுவிட்டது. இன்றிருக்கும் தகடு, இன்றிருக்கும் ராக்கெட்டை வைத்துக்கொண்டு அது முடியாது. ஒரே ஒரு பெட்டி, முப்பது கிலோவாட், அது முடியும். செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களைக் கீழே அனுப்பாமல் மேலேயே அலசிச் சொல்ல அது போதும். சூட்டு இறக்கையைச் சூரிய இறக்கைக்கு முகம் காட்டாமல், விளிம்பு காட்டுகிறமாதிரி திருப்பிவிட்டேன். நீளக் கம்பம் வேண்டும், எடை கூடும். ஆனாலும் முடியும். இதை ஆசையில் சொல்லவில்லை, இரண்டு இறக்கையையும் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இப்போது தலைமை நான் இல்லை. ஆன்யா என்ற பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் கீழே வேலை செய்கிறேன். ஒன்பது பேருக்கு வேலை போயிற்று. மாதுமை அதில் ஒருத்தி. விமான நிலையத்துக்கு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

செய்தது சரி என்று தெரியும். மே மாதமே செய்திருந்தால் அவள் பினாங்கு வேலைக்கே திரும்பியிருக்கலாம். அந்த இடத்தை ஜூலையில்தான் வேறொருவருக்குக் கொடுத்தார்களாம். இதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை.

அக்கா


குனோங் ராபாட்
14 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம், நீங்கள் நலம்தானே? அடுத்த வாரம் தீபாவளி. முறுக்கு பார்சல் போட்டிருக்கிறோம், உடைந்து பாதியாவது வந்து சேரும்.

உங்களை நினைத்தால் எனக்குப் பெருமைதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். அடுத்து எழுதப்போவது உங்களுக்கு வலிக்கும், ஆனால் மறைத்துவைக்கிற வேலையை நாம் இரண்டு பேரும் விட்டுவிட்டோம் அல்லவா?

ஸ்கந்தராஜா அங்கிள் வீட்டு ஏர்கோன் சர்வீசுக்கு வழக்கம்போல் போனேன். அங்கிள் கதவைத் திறந்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். மாதுமையின் அம்மா சந்திரமதி ஆன்ட்டி தேத்தண்ணி கொடுத்தார், சிரிக்கவில்லை. வேலை முடிந்து ஏணியை மடக்கும்போது மாதுமை வந்து நின்றாள்.

"அக்கா பிழை விட்டதுக்கு எனக்குக் கோவமில்லை," என்றாள். "கணக்கில பிழை வாறதுதான். மூண்டு மாசம் தெரிஞ்சுகொண்டே ஒவ்வொரு நாளும் காலமை எனக்குக் குட் மார்னிங் சொன்னவா. அதுதான்."

"அவங்களுக்கும் தூக்கம் இல்லலா, மாதுமை," என்றேன்.

"எனக்கு வேலையும் இல்லை, அண்ணே," என்றாள்.

சர்வீஸ் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

தீபாவளி வாழ்த்துகள்.

தம்பி ரூபன்
கலாதேவியும்


பிரேமன்
30 ஜனவரி 2026

அன்புத் தம்பி ரூபனுக்கும் கலாதேவிக்கும்,

இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முறுக்கு முழுதாகவே வந்து சேர்ந்தது. ஆன்யா நாலு தின்றாள். பொங்கலுக்கு எழுத முடியவில்லை, சோதனை வேலையில் மாட்டிக்கொண்டேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று மாதுமைக்கு எழுத உட்கார்ந்தேன். முதலில் மூன்று பக்கம் வந்தது, முழுக்க முழுக்க என் பயத்துக்கு விளக்கம். கிழித்துவிட்டேன். கடைசியில் நாலு வரி அனுப்பினேன். அந்த மூன்று மாதத்துக் குட் மார்னிங்குகளுக்காக மன்னிப்புக் கேட்டேன். பதில் வரவில்லை. வரும் என்று நினைக்கவும் இல்லை.

நவம்பரில் ஆன்யா, இந்த முறை கணக்கை வெளியிலிருந்து ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்றாள். எனக்குச் சலுகை காட்டாத ஒருவர்தான் வேண்டும், மாதுமையைக் கேளுங்கள் என்றேன். ஒரு வாரத்தில் ஆன்யாவுக்குப் பதில் எழுதினாள். எனக்கு இல்லை, ஆன்யாவுக்கு. ஈப்போவிலிருந்தே செய்வேன், அட்டவணை வேண்டாம், தினேஸ்வரியின் மூலக் கணக்கும் படங்களும் முழுவதும் வேண்டும் என்று.

அறுபத்தொரு பக்கம் அனுப்பினேன். டிசம்பர் கடைசியில் திரும்பி வந்தது. ஒரு பக்கம் பாக்கியில்லாமல் சிவப்பு மை! என்மேல் இருந்த கோபத்தையெல்லாம் ஒவ்வொரு வரியிலும் இறக்கி வைத்திருந்தாள். பெரும்பாலானவற்றுக்கு என்னிடம் பதில் இருந்தது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் மட்டும் இல்லை. தகட்டின் வெள்ளைப் பெயிண்டுக்குப் பக்கத்தில், 'ஐந்தாம் வருஷமும் இது வெள்ளையாகவே இருக்குமா?' என்று எழுதியிருந்தாள்.

இருக்காது, தம்பி. மேலே பெயிண்ட் பழுப்பேறும். பூமியிலிருந்து எதிரொளிக்கும் வெயிலைக் கூடுதலாகக் குடிக்கும். நான் புதுப் பெயிண்டை வைத்தே ஐந்து வருஷத்துக்கும் கணக்குப் போட்டுவிட்டேன். அன்றே எழுந்து போய், மாதுமை கண்டுபிடித்திருக்கிறாள், என் பிழை என்று ஆன்யாவின் மேசையில் வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. தகடு பத்தில் ஒரு பங்கு பெரிதாயிற்று.

இந்த மாத நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய அறைக்குள் சோதனை நடந்தது. இரண்டு இறக்கையையும் சேர்த்தே வைத்தோம், பழுப்பேறிய பெயிண்டோடு. தகட்டின் சூடு என்று நான் சொன்னது ஐம்பத்தொன்பது டிகிரி. ஏழு நாள் ஓட்டினோம், அறுபதைத் தாண்டவில்லை. முடியும், ரூபன். பெரியது இன்னும் முடியாது, இது முடியும். அடுத்த வருஷம் மேலே போகிறது.

நேற்று அத்தியாயத்தின் இறுதிப் பிரதி கூரியரில் ஈப்போ போய்த் திரும்பி வந்தது. 'முடியும்' என்ற வரிக்குக் கீழே இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். முதலில் சரிபார்த்தவர், அதற்கு அடுத்து எழுதியவர். உறையைப் பிரித்து, எனக்கென்று ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கிறதா என்று உதறிக்கூடப் பார்த்தேன். இல்லை. மாதுமை இன்னும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் பேனாவை எடுத்தேன்.

பிரியமுடன்,
உங்கள் அக்கா தினேஸ்வரி